பாளையத்துக்கு வெளியே: லேவியர் நூலின் தோல்நோய்ச் சட்டங்களைக் கத்தோலிக்கர் எப்படி வாசிப்பது?

கேள்வி இதுதான். மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு திருப்பலியில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஐந்து வசனங்கள் முதல் வாசகமாக வாசிக்கப்படுகின்றன. தொழுநோய் கண்டவர் கிழிந்த உடை உடுத்தி, தலை வாராமல், மேலுதட்டை மறைத்துக்கொண்டு, ‘தீட்டு, தீட்டு’ என்று குரலெழுப்ப வேண்டும். நோய் இருக்கும் நாளெல்லாம், இஸ்ரயேல் மக்கள் கூடாரமிட்டுத் தங்கிய பாளையத்துக்கு வெளியே தனித்துக் குடியிருக்க வேண்டும். இதை வாசித்து முடித்ததும் வாசகர் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்கிறார். நாமும் ‘இறைவா, உமக்கு நன்றி’ என்று பதில் சொல்கிறோம். நோயுற்ற ஒரு மனிதரைத் தன் வாயாலேயே தன்னை இழிவுபடுத்திக் கத்தச் சொல்லும் சட்டத்துக்கு நாம் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? அடுத்த சில நிமிடங்களில் நற்செய்தியில் அதே நோயாளரைத் தொடுகிற இயேசுவும் இந்தச் சட்டத்தைக் கொடுத்த கடவுளும் எப்படி ஒன்றாக முடியும்?

இந்தக் கேள்வி நேர்மையானது. அதைச் சுருக்கமாகச் சொல்லி மூடிவிட எனக்கு மனமில்லை. ‘பழைய ஏற்பாட்டில் கடுமை, புதிய ஏற்பாட்டில் இரக்கம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த எளிய பதிலைத்தான் இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் சொன்னார். யூதர்களின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று அவர் போதித்தபோது உரோமைத் திருச்சபை 144ஆம் ஆண்டில் அவரைத் தன் உறவிலிருந்து விலக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு இதைவிடக் கடினமான ஒரு வழியைக் காட்டுகிறது: பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் காலத்துக்கு உட்பட்டவையும் உண்டு, ஆயினும் அவை கடவுள் மக்களைப் பயிற்றுவித்த முறையை மெய்யாகவே காட்டுகின்றன. இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டுதான் லேவியர் 13, 14 அதிகாரங்களை வாசிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் வாசிப்பு பிழையாகிவிடும்.

முதலில் நோயைப் பற்றி. எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘சாராஅத்’. அதை நாம் தொழுநோய் என்று மொழிபெயர்த்திருக்கிறோம். பழைய மொழிபெயர்ப்புகளில் குஷ்டரோகம் என்று இருந்தது. ஆனால் 13ஆம் அதிகாரத்தை முழுதாக வாசிக்கிற எவரும், இன்று நாம் தொழுநோய் என்று அழைக்கும் நோயின் அடையாளங்கள் அதில் இல்லை என்பதைக் கண்டுகொள்ளலாம். தோலில் தடிப்பு, சொறி, வெண்படலம், அதிலுள்ள உரோமம் வெளுத்துப்போதல், ஏழே நாளில் பரவுதல் அல்லது மறைதல், தலையிலும் தாடியிலும் வரும் படை ஆகியவைதாம் அங்கே பேசப்படுகின்றன. உணர்ச்சியற்றுப் போகும் தோலோ மடங்கிப்போகும் விரல்களோ உருக்குலையும் முகமோ அங்கே இல்லை. அது மட்டுமன்று, அதே ‘சாராஅத்’ கம்பளித் துணியிலும் நார்த் துணியிலும் தோல் பொருளிலும் வரும், 14ஆம் அதிகாரத்தின்படி வீட்டுச் சுவரிலும் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்து தோன்றும். சுவருக்கு வருவது பூஞ்சையாக இருக்கலாம், தொழுநோயாக இருக்க முடியாது. மேற்பரப்பு கெட்டு உரிந்துபோகும் எதையும் குறிக்கிற பொதுப்பெயராகவே அந்தச் சொல் இருந்திருக்கிறது.

குழப்பம் மொழிபெயர்ப்பின் வழியாக வந்தது. கிறிஸ்துவுக்கு முன்பே எபிரேய நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பு ‘லெப்ரா’ என்ற சொல்லை இட்டது. கிரேக்க மருத்துவர்களுக்கு அது செதில் செதிலாக உரியும் தோல்நோயின் பெயர். நாம் அறிந்த தொழுநோயை அவர்கள் வேறு பெயரால், ‘எலெஃபந்தியாசிஸ்’ என்று அழைத்தார்கள். புனித எரோணிமுஸின் இலத்தீன் விவிலியமும் ‘லெப்ரா’வையே வைத்துக்கொண்டது. பின்னர் இடைக்காலத்தில் இரண்டு நோய்களும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன. ஒரு சொல் இடம் மாறியதால், லேவியர் நூல் ஒருபோதும் மனத்தில் கொள்ளாத நோயாளர்கள்மீது அதன் தீர்ப்பு நூற்றாண்டுக் கணக்கில் சுமத்தப்பட்டது. தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தது 1873இல்தான். இயேசுவின் காலத்தில் அந்த நோய் பாலஸ்தீனத்தில் இருக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது; எருசலேமின் அக்கெல்தமா பகுதியில், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் துணியால் சுற்றப்பட்டுக் கிடந்த ஒருவரின் எலும்பில் அந்த நுண்ணுயிரின் மரபணுத் தடயம் இருந்ததாக 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எனினும் லேவியர் சட்டம் எழுந்தபோது அது பேசியது அந்த நோயைப் பற்றி அன்று.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். உடலில் மங்கிய வெண்புள்ளிகள் மட்டும் தோன்றினால், அது தோலில் வந்த வெறும் தேமல், அவர் தூய்மையானவர் என்று 13:39 தெளிவாகச் சொல்கிறது. வெண்புள்ளி உள்ள ஒருவரை இன்றைக்கும் பெண் பார்க்கும் இடத்திலும் பந்தியிலும் ஒதுக்கிவைக்கிற நம்மைவிட அந்தப் பழைய சட்டம் நிதானமாக நடந்துகொள்கிறது.

அந்தச் சட்டத்தின்படி நோயாளர் குருவிடம் கொண்டுவரப்படுகிறார். குரு மருந்து தருவதில்லை. அவர் பார்க்கிறார், அவ்வளவே. ஐயம் இருந்தால் ஏழு நாள் தனியாக வைத்து மறுபடியும் பார்க்கிறார். அப்போதும் ஐயம் இருந்தால் மேலும் ஏழு நாள். பக்கத்து வீட்டாரின் முணுமுணுப்பாலோ உறவினரின் அருவருப்பாலோ ஒருவரை வெளியே தள்ள முடியாது. பொறுப்புள்ள ஒருவர் கண்ணால் பார்த்து, காத்திருந்து, அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்த்த பிறகே தீர்ப்பு. எனக்கு இதுவே அந்தச் சட்டத்தின் முதல் இரக்கமாகத் தோன்றுகிறது. வதந்தியின் கையிலிருந்து அது நோயாளரை மீட்கிறது.

சிலர் இதைத் தொற்றுநோய்த் தடுப்பு என்று விளக்கி, நுண்ணுயிர்கள் கண்டறியப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மோசே சுகாதாரம் கற்பித்தார் என்று பெருமைப்படுகிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதாயினும் இந்த விளக்கம் வசனத்தோடு பொருந்தவில்லை. நோய் தலைமுதல் கால்வரை உடல் முழுவதையும் மூடி எல்லாம் வெண்மையாகிவிட்டால் அவர் தூய்மையானவர் என்கிறது 13:13. தொற்றுதான் கவலை என்றால் இது தலைகீழான தீர்ப்பு. சுவரில் கறை கண்ட வீட்டைப் பார்வையிட குரு வருவதற்கு முன்பே தட்டுமுட்டுப் பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் அவையும் தீட்டாகிவிடும் என்கிறது 14:36. குரு சொன்ன பிறகுதான் தீட்டு, அதற்கு முன்பு இல்லை. பின்னாளைய யூத மரபைத் தொகுத்த மிஷ்னாவில் ‘நெகாயிம்’ என்று ஒரு முழுப் பகுதியே இந்தச் சட்டங்களைப் பற்றியது. புதுமாப்பிள்ளையின் உடலில் அடையாளம் தோன்றினால் திருமண விருந்தின் ஏழு நாளும் முடியும்வரை அவரைப் பரிசோதிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று அது சொல்கிறது, திருவிழாவின்போதும் அப்படியே. யூதரல்லாதவருக்கு இந்தத் தீட்டே கிடையாது என்றும் சொல்கிறது. தொற்றுக்கு அஞ்சுகிறவர்கள் இப்படி விதி வகுக்க மாட்டார்கள்.

அப்படியானால் தீட்டு என்பது என்ன? அது பாவம் அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். குழந்தை பெற்ற தாய்க்குத் தீட்டு உண்டு; இறந்த தந்தையை அடக்கம் செய்யும் மகனுக்கும் தீட்டு உண்டு. பிள்ளைப்பேறு கடவுளின் ஆசி. இறந்தோரை அடக்கம் செய்வது கடமை. இவற்றைச் செய்தவர் குற்றவாளி அல்லர். திருஉறைவிடத்தை அணுகும் நிலையில் அப்போது இல்லாதவர், அவ்வளவுதான். லேவியர் நூலுக்கு விரிவான உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்குரோம், இந்தத் தீட்டுகளை எல்லாம் ஒரே நூலில் கோக்கிறார்: அவை அனைத்தும் ஏதோ ஒரு வகையில் சாவின் நிழலைத் தாங்கியவை, வாழும் கடவுள் பாளையத்தின் நடுவில் குடியிருப்பதால் சாவின் அடையாளம் அவருக்கு அருகே வரக்கூடாது. கத்தோலிக்கரான மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வேறொரு கோணத்தில் எழுதினார்: தூய்மை என்பது முழுமை, எல்லை கலைந்ததும் உடைந்ததும் தூய்மைக்கு வெளியே நிற்கின்றன. இருவரும் எல்லா இடத்திலும் உடன்படுவதில்லை என்றாலும், தோல்நோயைப் பொறுத்தவரை மில்குரோம் சொல்வதற்கு விவிலியத்திலேயே சான்று இருக்கிறது. மோசேயின் சகோதரி மிரியாமின் தோல் பனிபோல் வெண்மையானபோது ஆரோன் மோசேயிடம், தாய் வயிற்றிலிருந்து பாதித் தசை அழிந்து செத்துப் பிறக்கும் பிள்ளையைப்போல் அவள் ஆகிவிட வேண்டாம் என்று மன்றாடுகிறார் (எண்ணிக்கை 12:12). உரியும் தோல் அவர்களுக்குப் பிணத்தை நினைவூட்டியது.

இதை அறிந்தபின் கிழிந்த உடையையும் கலைந்த தலையையும் மறைத்த உதட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். மூன்றும் துக்கம் காப்பவரின் அடையாளங்கள். எசேக்கியேலின் மனைவி இறந்தபோது, நீ அழக்கூடாது, உன் உதட்டை மறைக்கக்கூடாது என்று ஆண்டவர் அவரைத் தடுக்கிறார் (24:17). மற்றவர்கள் துக்கத்தில் அப்படிச் செய்வது வழக்கம் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆகவே பாளையத்துக்கு வெளியே நிற்கும் நோயாளர் தம்முடைய சாவுக்கே துக்கம் காக்கிறார். அந்தக் காட்சியின் கொடுமையை இந்த விளக்கம் குறைக்கவில்லை, கூட்டவே செய்கிறது. ஆனால் அது அவமானத்தின் காட்சி அன்று, இழவின் காட்சி. உள்ளே இருப்பவர்கள் அவரைப் பார்த்து ஏளனம் செய்ய அங்கே இடமில்லை. துக்க வீட்டைக் கடக்கிறவரைப்போல் அமைதியாகக் கடக்க வேண்டும்.

மிரியாம், இறைவாக்கினர் எலிசாவின் பணியாளர் கேகசி, உசியா அரசர் ஆகியோருக்கு இந்த நோய் தண்டனையாக வந்ததாக விவிலியம் சொல்வது உண்மை. குருக்களைப்போல் தூபமிடத் துணிந்த உசியாவின் நெற்றியில் அது தோன்றியது; சாகும்வரை அவர் தனி மாளிகையில் இருந்தார் (2 குறிப்பேடு 26). இந்தக் கதைகளை வைத்து, நோய் வந்த ஒவ்வொருவரும் பாவம் செய்தவரே என்று முடிவுகட்டியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். லேவியர் 13ஆம் அதிகாரமோ நோயாளரிடம் ‘நீ என்ன பாவம் செய்தாய்’ என்று ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. உடல் முழுவதும் கொப்புளங்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பர்கள் இறுதியில் கடவுளால் கண்டிக்கப்பட்டார்கள்.

இனி 14ஆம் அதிகாரம். ஞாயிறு வாசகங்களில் அது இடம்பெறுவதில்லை. நம் துயரம் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன். வாசகம் ‘பாளையத்துக்கு வெளியே’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. சட்டம் அங்கே நிற்கவில்லை. ‘குரு பாளையத்துக்கு வெளியே சென்று பார்ப்பார்’ என்று 14:3 தொடங்குகிறது. உள்ளே வர இயலாதவர் உள்ளே வந்து மனுக்கொடுக்க வேண்டியதில்லை. குரு எழுந்து வெளியே போக வேண்டும். நோய் நீங்கியிருந்தால் உயிருள்ள இரண்டு பறவைகள், கேதுருக் கட்டை, கருஞ்சிவப்பு நூல், ஈசோப்பு ஆகியவை கொண்டுவரப்படும். ஊற்றுநீர் வைத்த மண்கலத்தின்மேல் ஒரு பறவை கொல்லப்படும். மற்றப் பறவை அந்த இரத்தத்தில் தோய்க்கப்படும்; இரத்தம் குணமானவர்மீது ஏழுமுறை தெளிக்கப்பட்ட பிறகு, அது திறந்த வெளியில் விட்டுவிடப்படும். தூய தோமா அக்குவினா இதை விளக்குகையில், அழுகலுக்கு எதிராக அழுகாத கேதுருவும், நாற்றத்துக்கு எதிராக மணமுள்ள ஈசோப்பும், உணர்ச்சியற்ற நிலைக்கு எதிராக உயிருள்ள பறவையும், அருவருப்பான நிறத்துக்கு எதிராகச் சிவப்பும் வைக்கப்பட்டன என்கிறார். பறவை பறந்துபோவது, அந்த மனிதர் தம் பழைய விடுதலைக்குத் திரும்புவதைக் காட்டுகிறது. உணர்ச்சியற்ற நிலையைப் பற்றி அவர் பேசுவதிலிருந்து, அவர் மனத்தில் இருந்தது தம் காலத்துத் தொழுநோய் என்பதும் விளங்குகிறது.

குணமானவர் தம் ஆடைகளைத் துவைத்து, மயிர் முழுவதையும் மழித்து, குளித்துப் பாளையத்துக்குள் வருவார். ஆனால் ஏழு நாள் தம் கூடாரத்துக்கு வெளியே தங்குவார். எட்டாம் நாள் ஆட்டுக்குட்டிகளோடும் மாவோடும் எண்ணெயோடும் ஆண்டவர் திருமுன் நிறுத்தப்படுவார். குரு பலியின் இரத்தத்தை எடுத்து அவருடைய வலக்காது மடலிலும் வலக்கைப் பெருவிரலிலும் வலக்கால் பெருவிரலிலும் பூசுவார். அதன்மேல் எண்ணெயையும் பூசி, மீதியைத் தலையில் வார்ப்பார். லேவியர் நூலில் வேறு யாருக்கு இப்படிக் காதிலும் கைவிரலிலும் கால்விரலிலும் இரத்தம் பூசப்படுகிறது என்று தேடினால், 8ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்கும் அவர் புதல்வருக்கும், அவர்களைக் குருக்களாக அர்ப்பணித்த நாளில். நேற்றுவரை ‘தீட்டு’ என்று கத்திக்கொண்டிருந்தவரைச் சட்டம் குருத்துவத் திருநிலைப்பாட்டின் செய்கைகளோடு வரவேற்கிறது. இவ்வளவு செலவு செய்ய இயலாத ஏழை ஒரே ஆட்டுக்குட்டியோடு இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்று தனியாக விதி இருக்கிறது. அவருக்கும் அதே காது, அதே கைவிரல், அதே கால்விரல், அதே எண்ணெய்.

இவ்வளவும் சொன்னபின், சட்டத்தின் எல்லையையும் மறைக்கக்கூடாது. குணமானவரை அது இவ்வளவு அழகாக வரவேற்கிறது. குணமாக்க அதனால் முடியாது. குணமாகாதவருக்கு அது சொல்வதற்கு எதுவுமில்லை. சமாரியா முற்றுகையிடப்பட்டபோது நகரவாயிலில் நான்கு தொழுநோயாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள் (2 அரசர் 7). உள்ளே போனால் பஞ்சத்தில் சாவு, இங்கேயே இருந்தாலும் சாவு, பகைவர் பாளையத்துக்குப் போவோம், கொன்றால் கொல்லட்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டது, அந்த வாழ்வு எப்படி இருந்தது என்பதை எந்தச் சட்ட வாசகத்தைவிடவும் நன்றாகச் சொல்கிறது. அதே வேளையில், இயேசுவின் காலத்து யூதர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று மறையுரைகளில் சில வேளை சொல்லப்படுவதும் உண்மை அன்று. மிஷ்னாவின்படி தொழுநோயாளர் தொழுகைக்கூடத்துக்கு வரலாம். பத்துக் கையகல உயரத் தடுப்பு ஒன்று அவருக்காக அமைக்கப்படும். முதலில் அவர் உள்ளே வருவார், கடைசியில் வெளியேறுவார். தடுப்பு இருந்தது, ஆனால் செபத்தில் இடமும் இருந்தது.

மாற்கு 1:40-45 இந்தப் பின்புலத்தில் வேறு ஒளியோடு தெரிகிறது. நம் திருவிவிலியத்தில் இயேசுவிடம் வந்த தொழுநோயாளர் ‘நோயை நீக்க உம்மால் முடியும்’ என்கிறார். கிரேக்கத்தில் உள்ளதோ ‘என்னைத் தூய்மையாக்க’ என்ற சொல். அவர் கேட்டது உடல்நலம் மட்டுமன்று, அந்த எட்டாம் நாளைக் கேட்டார். இயேசு பரிவுகொண்டார் என்று பெரும்பாலான படிகளில் உள்ளது. பேசா (Bezae) படி எனப்படும் பழைய கையெழுத்துச் சுவடியில் ‘சினங்கொண்டு’ என்று இருக்கிறது. பிந்தியதே மூலமாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. சினத்தைப் பரிவாக மாற்றிய படியெடுப்பாளரைப் புரிந்துகொள்ளலாம், பரிவைச் சினமாக மாற்றியவரைப் புரிந்துகொள்வது கடினம். அந்தச் சினம் நோயாளர்மீது அன்று. சாவு ஒரு மனிதரை இப்படி ஆட்கொண்டிருப்பதன்மீது என்று நான் வாசிக்கிறேன். பிறகு கையை நீட்டித் தொட்டார். இதனால் அவர் சட்டத்தை மீறினார் என்று பலர் சொல்வது சற்று மிகை. தொடுவது குற்றம் என்று லேவியர் நூல் சொல்லவில்லை. தொட்டவருக்குத் தீட்டு வரும் என்பதே வழக்கு. இங்கே தீட்டு இயேசுவிடம் போகவில்லை, தூய்மை அந்த மனிதரிடம் போனது. உடனே, ‘குருவிடம் போய் உம்மைக் காட்டும், மோசே கட்டளையிட்டதைக் காணிக்கையாக்கும்’ என்கிறார். 14ஆம் அதிகாரத்தை இயேசு எடுத்தெறியவில்லை. அந்த இரண்டு பறவைகளிடமும் எண்ணெயிடமும் அவரை அனுப்பிவைக்கிறார்.

கடைசி வசனத்தை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். குணமானவர் செய்தியைப் பரப்பியதால், இயேசு எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாகச் செல்ல முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவர் உள்ளே போனார். உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். எசாயா 53:4இல் துன்புறும் ஊழியர் அடிபட்டவராகக் கருதப்பட்டார் என்று சொல்லும் எபிரேயச் சொல், லேவியர் 13 நோயைக் குறிக்கப் பயன்படுத்தும் இன்னொரு சொல்லின் அதே வேரிலிருந்து வருவது. எரோணிமுஸ் அதைத் துணிந்து ‘தொழுநோயாளர்போல்’ என்று பெயர்த்தார். எபிரேயர் திருமுகம் இதை நிறைவுக்குக் கொண்டுவருகிறது: இயேசு நகரவாயிலுக்கு வெளியே துன்புற்றார், எனவே நாமும் அவரது இகழ்ச்சியில் பங்குகொண்டு பாளையத்துக்கு வெளியே அவரிடம் செல்வோம் (13:12-13). பாளையத்துக்கு வெளியே போகும் குரு இப்போது திரும்பி வராமல் அங்கேயே இறக்கிறார்.

திருச்சபைத் தந்தையர் இந்தப் பகுதியை ஒப்புரவு அருளடையாளத்தோடு இணைத்துப் பார்த்தார்கள். யூதக் குருக்கள் நோயை நீக்கவில்லை, நீங்கியதை உறுதிசெய்தார்கள். நம் குருக்களோ ஆன்மாவின் அழுக்கை மெய்யாகவே நீக்கும் அதிகாரம் பெற்றவர்கள் என்றார் புனித யோவான் கிறிசோஸ்தோம். எரோணிமுஸ் இதே ஒப்புமையை எதிர்த்திசையில் பயன்படுத்தி, குருக்கள் செருக்குக் கொள்ளக்கூடாது, அவர்கள் லேவியர் நூலின் குருக்களைப்போல் யார் தூயவர், யார் அல்லர் என்று தெரிந்து சொல்கிறவர்களே என்று எச்சரித்தார். இந்த இரண்டு குரல்களுக்கும் இடையிலான இழுபறி பல நூற்றாண்டு நீடித்தது. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம், பாவமன்னிப்பு வெறும் அறிவிப்பு அன்று என்று வரையறுத்தது. இந்த ஒப்புமை செழுமையானது. ஆனால் அது ஒருவழிப் பாதை என்பதை மறக்கக்கூடாது. பாவம் தோல்நோயைப் போன்றது என்று சொல்லலாம். தோல்நோயாளர் பாவியைப் போன்றவர் என்று அதைத் திருப்பிப் போட்டால், யோபுவின் நண்பர்களோடு போய் உட்கார்ந்துவிடுவோம்.

திருச்சபையின் வரலாற்றில் அந்தத் திருப்பிப் போடுதல் நடந்திருக்கிறது. தொழுநோயாளர்களைக் கோவிலிலும் கல்லறையிலும் சேர்க்க மறுத்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் 1179இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், அவர்களுக்கென்று கோவிலும் கல்லறையும் குருவும் இருக்கலாம் என்று ஆணையிட்டு, அதை மறுத்த திருப்பணியாளர்களைக் கண்டிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் நோயாளரை இறந்தவராகவே கருதி, அவர் பாதத்தின்மேல் மண்ணைப் போட்டு ஊருக்கு வெளியே அனுப்பும் சடங்கும் இருந்தது. 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, 14ஆம் அதிகாரத்தை விட்டுவிட்ட சடங்கு அது. அதே திருச்சபையில் 1226இல் அசிசியின் பிரான்சிஸ் தம் இறுதி ஏட்டில், தொழுநோயாளர்களைப் பார்ப்பதே கசப்பாக இருந்த தம்மை ஆண்டவரே அவர்கள் நடுவே அழைத்துச் சென்றதாகவும், கசந்தது இனிமையாக மாறியதாகவும் எழுதினார். ஹான்சன் நுண்ணுயிரைக் கண்ட அதே 1873இல், மே 10ஆம் நாள், பெல்ஜியத்தைச் சேர்ந்த அருள்பணியாளர் தமியான் ஹவாய்த் தீவுகளில் மொலக்காயின் ஒதுக்கிடத்துக்கு வந்து சேர்ந்தார். அரசு நோயாளர்களைக் கொண்டுபோய் விட்டுவிடும் அந்தக் கடற்கரையில் அவர் வீடு கட்டினார், புண்களுக்குக் கட்டுப்போட்டார், சவப்பெட்டி செய்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 1889இல் அதே நோயால் இறந்தார். 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தமிழில் இந்த வாசகத்தைக் கேட்கிறவருக்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. ‘தீட்டு’ என்ற சொல் நம் காதில் எபிரேய ஒலியோடு விழுவதில்லை. தெருவின், கிணற்றின், சுடுகாட்டின் நினைவோடு விழுகிறது. ஆகவே இதைத் திட்டமாகச் சொல்ல வேண்டும்: லேவியர் நூலில் பிறப்பால் வரும் தீட்டு இல்லை. தலைமைக் குருவுக்கும் அது வரலாம், அரசருக்கும் வரலாம், வந்தவருக்கு நீங்கலாம். சாதியின் தீட்டுக்கு ஏழு நாளும் இல்லை, எட்டாம் நாளும் இல்லை, போய்ப் பார்க்கும் குருவும் இல்லை. அதை விவிலியத்தைக் காட்டி நியாயப்படுத்த எவருக்கும் வழியில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது மெய்யான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று அவர்களிடம் சொன்னார். தனிக் கல்லறைச் சுவர்கள் இன்னும் நிற்கிற ஊர்களில் ‘தீட்டு, தீட்டு’ என்ற வாசகம் வாசிக்கப்படும்போது கேட்பவர் மனம் வலிப்பது இயல்பே. அந்த வலிக்கு விளக்கம் சொல்வதற்கு முன் சுவரை இடிக்க வேண்டும்.

எதற்கு நன்றி என்ற உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இது. அந்த வாசகத்துக்குப் பின் நான் ‘இறைவா, உமக்கு நன்றி’ என்று சொல்லும்போது, வாசிக்கப்படாமல் விடப்பட்ட 14:3ஐயும் சேர்த்தே சொல்கிறேன். அதோடு எண்ணிக்கை நூலில் மிரியாமின் கதை முடியும் இடத்தையும். மோசேயை எதிர்த்துப் பேசியவர் அவர், தண்டனை பெற்றவர், ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே அடைக்கப்பட்டவர். கானானை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு மக்களினம் முழுவதும் கூடாரங்களைப் பிரிக்காமல் பாலைநிலத்தில் காத்திருந்தது. மிரியாம் திரும்பவும் உள்ளே சேர்த்துக்கொள்ளப்படும்வரை அவர்கள் புறப்படவில்லை.